வெறும் நெற்றி

அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று மஹய்யாவையில் வரிசை வீடுகளான எங்கள் லயம் முழுக்கப் பேர். அதற்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. "நெத்தியில துன்னூறு இருக்கையில பொய் சொன்னா, சாமியவே பொய்ச்சாட்சிக்கு இழுத்த மாதிரி" என்பாள். லயத்துப் பிள்ளைகள் நாங்கள் சும்மா விடுவோமா? வீட்டுப்பாடம் செய்யாத நாட்களில் பள்ளிக்கூட வாசலிலேயே திருநீற்றைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பிறகு காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் தாராளமாக வரும். இது தெரியவந்த அன்று அகப்பைக் காம்பால் வாங்கியது இன்னும் முதுகில் இருக்கிறது.

தமிழர்களைத் தேடி அடித்த கலவரம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. காலையிலேயே டவுனில் கடைகள் எரிகிற புகை தெரிந்தது. கீழ் வரிசையின் கடைசி வீட்டுச் சித்தப்பா, சித்தியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூட மண்டபத்துக்குத் தஞ்சம் போனார். சொந்தச் சித்தப்பா இல்லை, கூப்பிட்டுப் பழகிய உறவு. எங்களால் போக முடியவில்லை. அப்பா காய்ச்சலில் எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தார். அம்மா அவரை அலுமாரிக்குப் பின்னால் உட்காரவைத்துப் போர்வையால் மூடினாள்.

கதவு தட்டப்பட்டது. அம்மா முந்தானையை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பொட்டும் போனது, திருநீறும் போனது. என்னை அடித்தவள் என் வித்தையையே செய்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"உன் புருஷன் எங்கே?" என்று வாசலில் நின்ற கும்பல் சிங்களத்தில் கேட்டது. தெருக்கூட்டும் வேலையில் அம்மா பழகிய பாஷை, எனக்கும் நன்றாகப் புரியும். இங்கே ஆம்பிளைகள் யாரும் இல்லை என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒருவன் ஒரு காலை உள்ளே வைத்து அலுமாரிப் பக்கம் எட்டிப் பார்த்தான். உடனே, எல்லாரும் கீழே கடைசி வீட்டில் ஒளிந்திருக்கிறார்கள் என்று கையைக் காட்டினாள். பூட்டிய வீடு, உடைத்தால் உடைத்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள்.

அந்த வீடு அப்போது பூட்டியிருக்கவில்லை. அவசரத்தில் விட்டுப்போன, குழந்தைக்கான பால்மா டின்னை எடுக்கச் சித்தப்பா திரும்பி வந்திருந்தார். அவருடைய சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. அம்மா என் காதைப் பொத்தவில்லை. தன் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் திருநீறு பூசவே இல்லை. கேட்கிறவர்களுக்கும் பதில் சொல்லமாட்டாள். தினமும் காலையில் எனக்கும் அப்பாவுக்கும் பூசிவிட்டு, விரலில் மிஞ்சியதைச் சேலையில் துடைத்துக்கொள்வாள். அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். உயிர் தப்பிய மனிதர் எதைத்தான் பேசுவார்? இன்னும் பதினைந்து வருஷம் இருந்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் செத்துப்போனார்.

சித்தியின் குழந்தையை அம்மாதான் பாதி வளர்த்தாள். எங்கள் சோற்றில் பாதி அந்த வீட்டுக்குப் போனது. "அக்கா இல்லாட்டி நானும் புள்ளயும் என்னைக்கோ செத்திருப்போம்" என்று சித்தி ஊரெல்லாம் சொல்வாள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். தன்னடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தாள். "சித்திகிட்ட நீ சொல்லிரு. நான் இருக்கையில எனக்கு வாய் வரல. துன்னூறு பூசிக்கிட்டுப் போய்ச் சொல்லு."

சரி என்றேன். அவள் சுமக்கமாட்டாமல் என் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போனாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சாவு வீட்டில் சித்திதான் அம்மாவைக் குளிப்பாட்டினாள். மாரியம்மன் கோவில் திருநீறு நிறையப் பூசிக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். சொல்லத்தான் நின்றேன். அவளே கேட்டாள்.

"அக்கா ஏன்டி இத்தன வருஷமா துன்னூறே பூசல? எங்கிட்ட சொல்லவே இல்லயே. ஒனக்குத் தெரியுமா?"

இதைவிட நல்ல நேரம் இனி வராது. சித்தியின் முகத்தைப் பார்த்தேன். அழுது அழுது வீங்கியிருந்தது. வியர்வையைத் துடைக்கிற மாதிரி புறங்கையால் என் நெற்றியைத் துடைத்தேன்.

"தோலுக்கு ஒத்துக்கல சித்தி. பூசினா கொப்பளிச்சிரும்."

"அட பாவமே. இனி கொப்பளிச்சா என்ன" என்று சொல்லி, தட்டிலிருந்து விபூதியை அள்ளி அம்மாவின் நெற்றி நிறையப் பூசினாள். மூன்று விரலில் மிஞ்சியதோடு என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன்டி வெறும் நெத்தியா நிக்கிற? இங்க வா."

குனிந்து காட்டினேன்.