ஊதினால் உருளும் காய்

இன்று போடியில் தேவாரம் பஸ்சில் ஏறினேன். எதிர் இருக்கையில் ஒரு பெண். அவள் மடியில் ஒரு சிறுமி, தலை நிற்காமல் அம்மா தோளில் சாய்ந்திருந்தாள்.

பஸ் கிளம்பியதும் அந்த அம்மா ஓர் ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து மகளின் வாயருகே நீட்டினாள்.

"ஊது ஆத்தா."

சிறுமி ஊதினாள். காய் மெல்ல உருண்டு என் காலடியில் விழுந்தது. சிறுமிக்குச் சிரிப்பு. சிரித்த களைப்பிலேயே கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா விளையாட்டு இது?" என்றேன்.

"வெளையாட்டு இல்லண்ணே. மொதல்ல காலு விளங்காமப் போச்சு. இப்ப நெஞ்சுக்கு ஏறுதாம், மருந்தும் இல்லையாம். மூச்சை அளக்குற மிஷினு பெரியாஸ்பத்திரியிலதான் இருக்காம். 'தெனமும் காயை ஊதச் சொல்லு, உருளுற வரைக்கும் பயமில்லை'ன்னு டாக்டரு சொன்னாரு."

உருண்டதே என்று ஆறுதலோடு காயை எடுத்தேன். எடுத்ததுமே விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பதுதான் என் வேலை. உள்ளே ஒரு விதைகூட இல்லை, வெறும் தோல்.

நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"முழுக்காயி போன மாசமே நகரலண்ணே," என்றாள் மெதுவாக. "இவகிட்டச் சொல்லிராதீக."

சிலமலை வந்தது. அம்மா தூக்கிக்கொண்டு இறங்கும்போது சிறுமி கண்ணைத் திறந்து என்னைக் கேட்டாள்.

"நல்ல காயா மாமா?"

"முதல் தரம் ஆத்தா."

கடையில் இப்படித் தரம் சொல்லியிருந்தால் இன்றைக்கே என் சீட்டைக் கிழித்திருப்பார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன தரம் சொல்லியிருப்பீர்கள்?