ஸ்த்ராவ்கா அழிக்க மறுத்த டிஸ்க்

ஈஸ்டர் ஞாயிறு மதியம். ஊரே சிவப்பு முட்டைகளை மோதி உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஸ்த்ராவ்காவின் சமையலறை மேஜையில் கம்ப்யூட்டர் ஏறி உட்கார்ந்திருந்தது. அதன் எதிரே கீழ்வீட்டுக் கலோயன். ஒரு கையால் ஈஸ்டர் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டபடியே, மறு கையால் மவுஸை ‘அழி’ என்ற பொத்தானை நோக்கி நகர்த்தினான்.

"கையை எடு," என்றாள் ஸ்த்ராவ்கா.

"வேற வழி இல்லக்கா. டிஸ்க்கை மொத்தமா அழிச்சாத்தான் புது சிஸ்டம் ஏறும்."

"என் படம் எல்லாம் அதுலதான் இருக்கு."

"படம் போனா மறுபடி எடுத்துக்கலாம்."

ஸ்த்ராவ்கா அவன் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, ரொட்டித் தட்டுக்குப் பின்னால் வைத்தாள்.

எங்கள் குடியிருப்பில் கம்ப்யூட்டர் வைத்தியம் என்றால் கலோயன்தான். கூலி, வீட்டில் காய்ச்சிய ராக்கியா என்ற பழச் சாராயம் ஒரு பாட்டில். நல்லவன், கூப்பிட்ட குரலுக்கு வருவான், ஆனால் எல்லாமே எடுத்தேன் கவிழ்த்தேன். தலைவலிக்கும் ஃபார்மட், கால்வலிக்கும் ஃபார்மட். மூன்றாம் மாடிக்காரரின் பேத்தி ஞானஸ்நானப் படங்கள் அப்படித்தான் போயின. அவரும் தலையெழுத்து என்று சொல்லி அவனுக்கே பாட்டிலைக் கொடுத்து அனுப்பினார். எங்கள் ஆட்களின் சுபாவம் அது. யார் எதை அழித்தாலும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வோம்.

ஸ்த்ராவ்கா அந்த ரகம் இல்லை. முப்பத்தொரு வருடம் கட்டுமான வேலையில் கிரேன் ஓட்டியவள். புருஷன் போன பிறகும் மேலே ஏறினாள், முழங்கால் வீங்கிய பிறகும் ஏறினாள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த வருடம்தான், சாலைக்கு அந்தப் பக்கம் கல் உடைக்கும் ஆலை வந்தது. காயப்போட்ட துணி சாம்பல் நிறமானது. எதிர்வீட்டுக் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை. ஆலைக்காரர்களிடம் போய்க் கேட்டபோது, "தூசா? எங்கம்மா தூசு?" என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் அவளை உசுப்பியது. மறுநாளிலிருந்து தினமும் ராத்திரி ஒரு வெள்ளைத் தட்டைக் கழுவித் துடைத்து பால்கனியில் வைத்தாள். காலையில் அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுத்து, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். மூன்று வருடம், நடுவில் வந்த லீப் நாளையும் சேர்த்து, எடுத்தாள். பித்தப்பை ஆபரேஷனுக்குப் படுத்த மூன்று நாள் மட்டும் விட்டுப்போனது. பிரதி எடுத்து வைத்தாளா என்றால் இல்லை. அந்த விஷயத்தில் அவளும் அசடுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆலைத் தூசு பற்றிய புகாரைக் கேட்கும் மாவட்ட விசாரணைக் குழுவின் முன்னால் அந்தப் படங்களை வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, சிஸ்டம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது கறுப்புத் திரைதான் இருந்தது. டிஸ்க்கைக் கழற்றிப் படத்தை மட்டும் எடுத்துத் தரச் சொல்லலாம் என்றால், பெரிய வெள்ளியிலிருந்து திங்கள்வரை நகரத்தில் எந்தக் கடையும் திறக்காது. மிச்சம் இருந்தது கலோயனும், புது சிஸ்டம் ஏற்ற அவன் வைத்திருந்த பென்டிரைவும்தான்.

"இப்ப என்னக்கா பண்ணச் சொல்ற?"

"முதல்ல இருந்து போடு. திரையில என்ன வருதோ அதை நான் எழுதிக்கிறேன்."

"எழுதி என்ன பண்ணப் போற, ஃபிரேம் போட்டு மாட்டவா?"

"கிரேன் தூக்கலைன்னா நாங்க சுமையை வெட்டிப் போட மாட்டோம் தம்பி. கம்பி, கொக்கி, பிரேக்னு ஒண்ணொண்ணாப் பாப்போம். நீ மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்துறவன்."

கலோயன் முனகிக்கொண்டே மறுபடி ஆரம்பித்தான். பட்டியலில் டிஸ்க் வந்தது. ‘இதில் நிறுவ முடியாது’ என்று திரை சொன்னது. அவன் வழக்கம்போல அந்த முதல் வரியோடு நிறுத்தினான். ஸ்த்ராவ்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்தாள். கம்ப்யூட்டர் புது முறையில் கிளம்பியிருக்கிறது, டிஸ்க்கோ பழைய முறையில் வகுக்கப்பட்டிருக்கிறது, அதனால் இரண்டும் ஒத்துவரவில்லை. இதுதான் அங்கே இருந்தது.

"டிஸ்க்கு மேல குத்தமே இல்லியே. கிளம்பின முறைதான் தப்புன்னு சொல்லுது."

"அதுக்குத்தான் டிஸ்க்கை அழிச்சுப் புது முறைக்கு மாத்தணும்."

"ஏன், கிளம்புறதைப் பழைய முறைக்கு மாத்தினா ஆகாதா?"

கலோயன் வாயில் இருந்த ரொட்டியை மெல்லாமல் நிறுத்தினான். பன்னிரண்டு வருட வைத்தியத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும், எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்கும் பட்டியல் வந்தது. அவன் விரல் பழக்கதோஷத்தில் முதல் வரிக்குப் போனது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதே பென்டிரைவின் பெயர் கீழே இன்னொரு முறை இருந்தது. முதல் பெயருக்கு முன்னால் ஒரு முத்திரைச் சொல் ஒட்டியிருந்தது, இரண்டாவதில் அது இல்லை.

"ஒரே சாமானுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"தெரியலக்கா. நான் எப்பவும் மேல உள்ளதைத்தான் தட்டுவேன்."

"கீழ உள்ளதைத் தட்டு."

தட்டினான். இந்த முறை டிஸ்க் மறுப்புச் சொல்லவில்லை. எதையும் அழிக்காமல் டிஸ்க்கில் இருந்த பெரிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, ‘அடுத்து’ என்பதை அவளே அழுத்தினாள். பழைய கோப்புகளை ஒரு ஓரமாக நகர்த்தி வைக்கிறேன் என்று திரை சொன்னது. அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம் ஓடியது. புது சிஸ்டம் வந்தது. திரையில் குப்பைத்தொட்டிப் படம் தவிர ஒன்றுமில்லை.

மூன்று வருடத்தையும் தன் கையாலேயே தூக்கிப் போட்டுவிட்டோம் என்று நினைத்தாள் ஸ்த்ராவ்கா.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் கலோயன். சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ராக்கியா வேணாம்க்கா," என்றான்.

"பேசாம இரு. நகர்த்தி வைக்கிறேன்னு சொல்லிச்சுல்ல? எங்க நகர்த்திச்சுன்னு தேடு."

டிஸ்க்கின் உள்ளே பழைய சிஸ்டத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள் பயனர்கள் என்று ஒன்று, அதற்குள் அவள் பெயர், அதற்குள் அவளுடைய பழைய முகப்புத் திரையில் இருந்ததெல்லாம். திறந்தார்கள். வெள்ளைத் தட்டுகள் வரிசை வரிசையாக நிறைந்தன. அவள் உட்கார்ந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கலோயன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு ஒரு முட்டை உரித்துக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை ஸ்த்ராவ்கா சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியில், கம்பளி சுற்றி, கம்ப்யூட்டரையும் திரையையும் கட்டி இழுத்துக்கொண்டு விசாரணைக் கூடத்துக்குள் நுழைந்தாள். ஆலையின் வக்கீல், ஆலையே எடுத்த பன்னிரண்டு அளவீடுகளை ஏற்கெனவே படித்து, தூசி வரம்புக்குள்தான் இருக்கிறது என்று முடித்திருந்தார்.

குழுத் தலைவர் வண்டியைப் பார்த்தார். "என்னம்மா இது? ஒரு பென்டிரைவ்ல போட்டுக் கொண்டுவந்திருக்கலாமே."

"அதுவும் இருக்கு, இந்தாங்க. ஆனா இதை வாங்கி டிராயர்ல போட்டுட்டு, ரெண்டு படம் பாத்தோம்னு எழுதுவீங்க."

வக்கீல் சிரித்தார். "ரெண்டு போதும்மா. தட்டுதானே."

ஸ்த்ராவ்கா சுவரோரமாகக் குனிந்து பிளக்கைச் செருகினாள். திரை வெளிச்சமானது. முதல் தட்டு வந்தது, நடுவில் அவள் விரல் இழுத்த கோட்டோடு.

"மொத்தம் எத்தனை?" என்று கேட்டார் தலைவர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"ஆயிரத்துத் தொண்ணூத்து மூணு," என்றாள். வக்கீலிடம் திரும்பி, "ஒண்ணு விடாம பாக்கப் போறோம். கோட்டைக் கழட்டிட்டு உக்காருங்க," என்றாள்.