ஈரத் துண்டு

பாரிஸ் பக்கத்தில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனபோது திண்டிவனத்திலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுபோயிருந்தேன். அத்தை பொட்டலத்தைப் பிரித்ததும் வாடை எழுந்தது. எங்கள் பழைய வாடகை வீடு ஞாபகம் வந்துவிட்டது.

அது தொண்ணூற்று மூன்று. வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். கறி, மீன் வாடை வரக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சொந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு மற்றவர்கள் யாரும் வீடு தரவில்லை. அதனால் அப்பா தலையாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அம்மா ஜன்னல்களைச் சாத்துவாள். அப்பா சாம்பிராணி போடுவார். அப்போது கல்யாணமாகாத அத்தை, துண்டை நனைத்துச் சுருட்டிக் கதவிடுக்கில் அடைப்பாள். அதற்குப் பிறகுதான் கருவாடு அடுப்பேறும். புகையில் கண் எரியும். இருமல் வந்தால் தலையணையில் வாயைப் புதைத்துக்கொள்ள வேண்டும்.

"நான் பிரான்சு மாப்பிள்ளையத்தான் கட்டிக்குவேன்," என்று அத்தை என் காதில் சொல்வாள். "அங்க போயி எல்லா ஜன்னலையும் தொறந்து வெச்சிக்கினு வறுக்கப்போறேன், பாரு."

அப்படியே கட்டிக்கொண்டு போனாள்.

இப்போது வாணலியை அடுப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜல்தி ஜன்னலச் சாத்துடி. எதிர் வீட்டம்மா போன தடவையே புகார் குடுத்துட்டா."

சாத்தினேன். பிறகு, அவள் சொல்லாமலே குளியலறைக்குப் போய் ஒரு துண்டை நனைத்து வந்தேன். கதவிடுக்கில் ஏற்கெனவே ஒன்று இருந்தது.