கதை படிக்கிற வெப்சைட்டை நான் சோதித்தது

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன், ஐந்தையும் படிக்க வைத்தேன். எனக்குத்தான் பெயருக்கு மேல் எழுதப் படிக்க வராது. ரப்பர் தோட்டத்தில் வேலையாக இருந்தபோது கடிதம் வந்தால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் ஒருமுறை, கோயில் பூசாரியிடம் ஒருமுறை படிக்கக் கொடுப்பேன். இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் நம்புவேன்.

கடைசி மகள் இங்கே மலேசியாவில், குளுவாங்கில் தமிழ்ப்பள்ளி டீச்சர். நூலகமும் அவள் பொறுப்பு. போன மாதம் ஃபோனில் ஒரு வெப்சைட்டைக் காட்டினாள். கதைப் புத்தகத்தை அதுவே சத்தமாகப் படிக்குமாம், இலவசமாம். முதலாம் ஆண்டுச் சின்னப் பிள்ளைகளை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு இவள் மற்ற வேலையைப் பார்ப்பாளாம். ஆற்றுக்குக் குளிக்கப் போன ஒரு குரங்கின் கதையைப் போட்டும் காட்டினாள்.

"எழுதியிருக்கிறதைத்தான் படிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"இன்னொரு தடவை போடறேன், கேளுங்கம்மா."

"அதே ஆளு ரெண்டு தடவை படிச்சா ஆச்சா?"

"கம்ப்யூட்டர் மேலயுமா சந்தேகம், போங்க லா," என்று சிரித்தாள்.

பேத்தியைக் கூப்பிட்டு அதே பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். படத்தில் ஆற்றோரமாக ஒரு பலகை. 'முதலை உண்டு, இறங்காதே' என்று அதில் இருந்ததைப் பேத்தி படித்தாள். ஃபோன் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது. குரங்கு ஏன் குளிக்காமல் ஓடியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மகள் சிரிப்பை நிறுத்தினாள். முதலாம் ஆண்டுக்கு மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள்.

"உட்காரு. அதுங்களும் என்னை மாதிரிதான்," என்றேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் அந்தப் பேத்திதான். எங்கே கண்ணு, முதலிலிருந்து படி, கேட்கிறேன்.