சிட்னியில் இரண்டே கால் மணி நேரம்

பாலக்காட்டில் ஒலவக்கோடு ரயில் நிலையத்து விசாரணைக் கவுண்டரில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்திருந்தவர் முத்துசுவாமி. எந்த வண்டியில் ஏறி, எங்கே இறங்கி, எதைப் பிடித்தால் அரை நாள் மிச்சமாகும் என்று யோசிக்காமலே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. சொந்தக்காரர்களின் பிள்ளைகள் தோஹா, டொராண்டோ, ஆக்லாந்து என்று சிதறிப் போயிருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் புறப்படும் அப்பா அம்மாக்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன் இவருக்குத்தான் போன் போடுவார்கள்.

சந்திராநகர் குடியிருப்பில் காலைக் காப்பி ஆனதும் முத்துசுவாமி கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். "தனித்தனியா ரெண்டு டிக்கெட் எடுக்காதேங்கோ, நடுவிலே பெட்டியை எடுத்து மறுபடியும் போடணும், அதுக்கு அந்த ஊருக்குள்ளே நுழைய வேண்டி வரும்" என்பார். "அமெரிக்கா வழியா வேண்டவே வேண்டாம், சும்மா விமானம் மாறறதுக்குக்கூட அவாளுக்கு விசா வேணும்" என்பார். அவர் சொன்னபடி போனவர்கள் சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தார்கள். கல்யாண வீடுகளில் அவரைச் சுற்றி நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். தாமே ஒரு தடவைகூட விமானம் ஏறாதது பற்றி அவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

மனைவி காலமான பிறகு தங்கை பட்டுதான் அவருக்குத் துணை. பட்டுவும் கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் பவ்யா, மாப்பிள்ளை அத்வைத்துடன் ஆக்லாந்தில் இருந்தாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து பவ்யா உண்டானாள். ஆறாம் மாதம் டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். "அம்மா, நீ கொஞ்சம் முன்னாடியே வந்துடேன்" என்று போனில் அழுதாள். நியூசிலாந்து விசா பட்டுவுக்கு ஏற்கெனவே கையில் இருந்தது. பாக்கி டிக்கெட் மட்டும்தான்.

கொச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஒன்று இருந்தது. சிங்கப்பூரில் பதினோரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பட்டுவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருந்தன. அவளை அங்கே பதினோரு மணி நேரம் உட்கார வைக்க முத்துசுவாமிக்கு மனசில்லை. இரண்டு நாள் தேடி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பெங்களூரில் ஏறினால் நேரே சிட்னி. சிட்னியில் இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து ஆக்லாந்து. எல்லாம் ஒரே டிக்கெட், பெட்டியும் நேரே போய்விடும். இதைவிட அழகான வழி கிடையாது என்று அவருக்குத் தோன்றியது. கம்ப்யூட்டரிலேயே பணம் கட்டி எடுத்துவிட்டார்.

டிக்கெட்டை அச்செடுக்கக் கஞ்சிக்கோட்டில் பினுவின் டிராவல்ஸ் கடைக்குப் போனார். ஃபாக்டரி ஆட்களுக்கு ரயில், விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற சின்னக் கடை அது. பினு தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டான்.

"சாரே, சிட்னி வழியாணோ போறது? ஆஸ்திரேலியாவுக்கு ஒரு டிரான்சிட் விசா வேணும்னு தோணுது. ஒண்ணு நோக்கிக்கோங்க."

"அவ வெளியிலேயே வரப் போறதில்லையேடா. இந்த விமானத்திலேர்ந்து இறங்கி அந்த விமானத்திலே ஏறப் போறா, அவ்வளவுதான். அது அமெரிக்காவுக்கு மட்டும் உள்ள ஏற்பாடாக்கும்."

"அல்ல சாரே, எனக்கு உறப்பாத் தெரியல்ல. எதுக்கும் நோக்கிட்டு..."

தன் கடையில் டிக்கெட் எடுக்காத வருத்தத்தில் பையன் பேசுகிறான் என்று முத்துசுவாமி நினைத்தார். சிரித்துக்கொண்டே தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். வீட்டுக்கு வந்து பார்த்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. பார்க்கவில்லை.

புறப்படும் நாளில் பெங்களூர் வரை அவரும் ரயிலில் கூடப் போனார். பிற்பகல் விமான நிலைய வாசலில் சக்கர நாற்காலியில் பட்டுவை உட்கார வைத்தார்கள். டிக்கெட் இல்லாதவருக்கு உள்ளே இடமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டினார். அரை மணி கழித்துப் போன் அடித்தது.

"அண்ணா, ஆஸ்திரேலியா விசா எங்கேன்னு கேக்கறா இந்தப் பொண்ணு."

"நீ போறது நியூசிலாந்துக்குன்னு சொல்லு."

"சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கறா. நீயே பேசு."

கவுண்டரில் இருந்த பெண் போனை வாங்கினாள். நல்ல வேளையாகத் தமிழ் தெரிந்தவள். பொறுமையாகத்தான் பேசினாள்.

"சார், இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு சிட்னியில ஃபிளைட் மாறணும்னாகூட டிரான்சிட் விசா வேணும் சார். அது இல்லாம நாங்க ஏத்த முடியாது."

"ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரமாட்டாம்மா."

"வரலைன்னாலும் வேணும் சார்."

"எவ்வளவு கட்டணும்? இப்பவே கட்டிடறேன்."

"பணமே இல்ல சார், அந்த விசா ஃப்ரீதான். ஆன்லைன்ல முன்னாடியே விண்ணப்பிச்சிருக்கணும். வர்றதுக்குச் சில நாள் ஆகும். இன்னும் மூணு மணி நேரத்துல ஃபிளைட்."

முப்பத்துநாலு வருஷத்தில் வண்டியைத் தவறவிட்ட எத்தனையோ பேர் அவர் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றிருக்கிறார்கள். அடுத்த வண்டி இத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இங்கே அடுத்த வண்டி என்று ஒன்று இல்லை.

சக்கர நாற்காலியில் பட்டு வெளியே வந்தாள். மடியில் பருப்புப் பொடி டப்பா இருந்த பை. "பவ்யா கிட்ட என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

கொச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஐந்து நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. வீட்டுக்குத் திரும்பிய பட்டு அந்த ஐந்து நாளும் பெட்டியைப் பிரிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அத்வைத் கூப்பிட்டான். பவ்யாவுக்கு வலி கண்டு, குழந்தை பிறந்துவிட்டது. பெண். எழுநூற்றைம்பது கிராம்.

கண்ணாடிப் பெட்டிக்கு மேலே போனைப் பிடித்து அத்வைத் காட்டினான். குழாய்களுக்கு நடுவே குழந்தை தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. படம் ஆடிக்கொண்டே இருந்தது. "கொஞ்சம் கிட்டக் காட்டேன்" என்று பட்டு சொல்லிக்கொண்டே இருந்தாள். முத்துசுவாமி பின்னால் நின்று பார்த்தார். பிறகு பால்கனிக்குப் போய்விட்டார்.

குழந்தை மூன்று நாள் இருந்தது. பட்டு சிங்கப்பூரில் உட்கார்ந்திருந்த நேரத்தில் போய்விட்டது. ஆக்லாந்தில் இறங்கிய பிறகுதான் அத்வைத் அவளிடம் சொன்னான்.

மூன்று மாதம் கழித்துப் பட்டு திரும்பினாள். மீனாட்சிபுரத்து நல்லதம்பியின் காரை அமர்த்திக்கொண்டு முத்துசுவாமி கொச்சிக்குப் போய் அவளை அழைத்து வந்தார். திருச்சூர் தாண்டும்வரை அவள் பவ்யாவின் சமையலறை பற்றியும் மழை பற்றியும் பேசினாள். அவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"பட்டு, அந்தக் கஞ்சிக்கோட்டுப் பையன் முன்னாடியே சொன்னான். விசா வேணும், பாத்துக்கோங்கோன்னான். நான்தான் கேக்கலை."

பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்படியும் போயிருக்கும் குழந்தை. நான் போயிருந்தா மட்டும் நிறுத்தியிருப்பேனா? பாத்திருப்பேன், அவ்வளவுதான். ஒரு தடவை தொட்டிருப்பேன். போன்ல கலரே சரியாத் தெரியலைண்ணா. அவ கறுப்போ சிவப்போன்னுகூட எனக்குத் தெரியாது."

நல்லதம்பி கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, "ஏனுங்க சாமி, டீக்கு நிறுத்தட்டுங்களா?" என்றார். பட்டு வேண்டாமென்று தலையை ஆட்டினாள். அவர் நிறுத்தாமல் ஓட்டினார்.

வடக்கஞ்சேரி வந்தபோது பட்டு மறுபடி பேசினாள். "இதைப் பவ்யா கிட்ட சொல்லிடாதே. இன்னொருத்தரைக் கோவிச்சுக்க அவளுக்குத் தெம்பு கிடையாது."

அதன் பிறகு சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் முத்துசுவாமி, "எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் தெரியறதில்லை, ஏஜெண்ட் கிட்ட கேளுங்கோ" என்று சொல்லிவிடுவார். சிலர் இரண்டு மூன்று முறை கேட்டுப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். காலையில் காப்பி ஆன பிறகு அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் பஸ் ஏறிக் கஞ்சிக்கோட்டுக்குப் போனார். பினுவிடம் விஷயத்தைச் சொன்னார். பினு எழுந்து நின்றுவிட்டான். "ஞான் கொஞ்சம் பலமாச் சொல்லியிருக்கணும் சாரே" என்றான். நீ சொன்னது போதும், கேட்கத்தான் ஆளில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்ல முடியாமல் திரும்பி வந்தார்.

அடுத்த வருஷம் பவ்யாவும் அத்வைத்தும் பாலக்காட்டுக்கு வந்தார்கள். மூன்று வாரம் இருந்தார்கள். அத்வைத்தின் வேலை காரணமாகத் திரும்பும் தேதியை மாற்ற வேண்டி வந்தது. பவ்யா தன் லேப்டாப்பை எடுத்து வந்து மாமாவின் முன்னால் வைத்தாள்.

"மாமா, எந்த வழி நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்கோ."

"பினுன்னு ஒரு பையன் இருக்கான்மா. அவன் பாத்துத் தருவான்."

"வேண்டாம். நீங்கதான் பாக்கணும்."

அவள் குரலில் குத்தல் இல்லை. சின்ன வயசில் பரீட்சைக்குப் போகுமுன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட வருவாளே, அதே குரல். முத்துசுவாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் பார்த்தார். ஒவ்வொரு நாட்டின் அரசாங்கப் பக்கத்தையும் திறந்து வரி வரியாகப் படித்தார். கடைசியில் சிங்கப்பூர் வழியாக, பன்னிரண்டு மணி நேரம் காத்திருக்கிற ஒன்றைச் சொன்னார். "இவ்வளவு நேரமா மாமா?" என்று அத்வைத் தயங்கினான். "மாமா சொன்னா சொன்னதுதான்" என்று பவ்யா அதையே எடுத்தாள்.

கொச்சியில் அவர்கள் உள்ளே போன பிறகும் முத்துசுவாமி வாசலிலேயே நின்றார். பட்டு காரில் இருந்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பவ்யாவின் செய்தி வந்தது: ஏறியாச்சு மாமா, நீங்க ஆத்துக்குப் போங்கோ.

சந்தோஷம் என்று பதில் போட்டார். ஒரு தடவையாவது, ஏன் மாமா அன்றைக்கு விசாவைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். அவள் திட்டியிருந்தால் இவருக்கும் அழ ஒரு இடம் கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் மாட்டாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முத்துசுவாமி கார் நின்ற பக்கம் மெதுவாக நடந்தார்.