ரத்ததான வரிசையில் நின்ற மாப்பிள்ளை

நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பாறையில் ஏழு இடத்தில் போர் போட்டு எட்டாவதில் தண்ணீர் கண்டேன். ஒரகடத்தில் கம்பெனி ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் என் வேன் இன்றைக்குப் பதினொன்று ஓடுது. முதல் வேனுக்கு நானே டிரைவர், நானே கிளீனர். வடக்கத்திப் பிள்ளைகள் தங்க மூணு மாடி எழுப்பினேன். மேஸ்திரி பாதியில் ஓடிப்போனான், மிச்சச் சுவரை நான் வைத்தேன். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். என் தங்கச்சி குடும்பத்தை நான் காப்பாற்றியதுதான் ஒருத்தருக்கும் தெரியாது.

அவள் புருஷனுக்கு ஐம்பது வயசு. பட்டதாரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனி கேட் பக்கத்துப் பந்தலில் ரத்ததான முகாம். வரிசையில் அவர் நிற்கிறார். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிற மனுஷன்! ஓரமாகக் கூப்பிட்டேன்.

"இன்னா மாப்ள, திடீர்னு கர்ணன் ஆயிட்ட?"

"மச்சான், வெளிய சொல்லிடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜுல ஒரு பொம்பளையோட... அன்னிக்குத்தான் பழக்கம். உறை போடல. இங்க ரத்தம் குடுத்தா அவங்களே டெஸ்ட் பண்ணி, எதனா இருந்தா போன்ல சொல்லிடுவாங்களாம். ஆஸ்பத்திரி வாசல்ல யாரும் நம்மள பார்க்கமாட்டாங்க."

"பாரத்துல இதெல்லாம் கேட்டிருப்பாங்களே?"

"எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் போட்டேன்."

இந்த ரோட்டில் பாதிப் பேர் இப்படித்தான். தப்புப் பண்ணிவிட்டு, பிஸ்கெட்டோடு டெஸ்ட்டும் கிடைக்கும் என்று முகாமில் வந்து நிற்பது. பெரிய புத்திசாலிகள்!

"யோவ், எச்.ஐ.வி. வந்திருந்தாலும் ரெண்டு நாள்ல ரத்தத்துல காட்டாது. நல்ல ரத்தம்னு எடுத்து ஆபரேஷன்ல கெடக்குற எவனுக்காவது ஏத்திட்டா?"

"அந்தம்மா பார்க்க சுத்தமாத்தான் இருந்தாங்க மச்சான். நானும் உப்புத் தண்ணியில கழுவிட்டேன்."

"கழுவுனா போயிடுமா? கிருமி இன்னா குளிக்காதவங்ககிட்டதான் குடியிருக்குமா? அவங்களுக்கும் உன்னைப் பார்த்தா சுத்தமாத்தான் தெரிஞ்சிருக்கும். தங்கச்சிகிட்ட போனியா?"

"இல்ல மச்சான். சத்தியமா இல்ல."

தங்கச்சி தப்பித்தாள்.

ரெண்டு நாளில் காட்டாது என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். மனைவி செத்துப்போன பிறகு வாலாஜாபாத் பக்கம் நானும் ஒரு நாள் புத்தி கெட்டேன். நாலாம் நாளே லேபில் 'இல்லை' என்று வாங்கித் துள்ளினேன். அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பார்க்கும் நம்பிக்கை மையத்தில் ஒரு அம்மா அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்து, "இது பழைய கதை ஐயா. புதுசா வந்திருந்தா காட்ட வாரக்கணக்காகும்" என்றார். மூணு மாசம் கழித்து அங்கேயே திரும்பப் பார்த்துத்தான் நிஜமான 'இல்லை' வாங்கினேன். சீட்டில் நம்பர்தான் இருந்தது, பேர் இல்லை. வாசலில் யாரும் என்னை உற்றுப் பார்க்கவும் இல்லை.

மாப்பிள்ளை கொடுத்த பாரத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். என் வண்டியிலேயே அதே மையத்துக்குக் கூட்டிப்போனேன். எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டியிருந்தால் கிருமியைத் தடுக்கும் மாத்திரை பயன்படாது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். இருபத்தெட்டு நாள் மாத்திரை. அன்றைக்கு ஒரு டெஸ்ட், ஆறு வாரத்தில் ஒன்று, மூணு மாசத்தில் ஒன்று. மேகநோய்க்கும் ரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவரை ரத்தம் கொடுக்கக் கூடாது, மனைவியிடம் உறை இல்லாமல் போகக் கூடாது. பட்டதாரி அதுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்: முதுகுவலி என்று மூணு மாசம் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்.

கடைசி டெஸ்ட்டிலும் ஒன்றுமில்லை. மறுநாளே போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். சாமி காப்பாற்றியதாம்!

தங்கச்சி என்னைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மாசமா அவர் முதுக வெச்சிகினு தவிச்சாரு. கூடப்பொறந்தவன் நீ, ஒரு தைலம் வாங்கிக் குடுத்தியாண்ணா?"

மொட்டைத் தலை குனிந்து காபி குடித்துக்கொண்டிருந்தது.

மாப்ள, நீ செய்ததை அவளிடம் நீயே சொல்ல வேண்டும். அது என் வேலை இல்லை. ஆனால் சொல்லும்போது, வரிசையிலிருந்து உன்னை வெளியே இழுத்தது யார் என்றும் சேர்த்துச் சொல்லு. சாமி பேருக்கு அப்புறமாவது என் பேர் வரணும்.