உள்ளங்கையில் கம்பித் தடம்

என் கினிப்பன்றியின் கம்பிக்கூண்டு துருப்பிடித்துவிட்டது. அதே மாதிரி இன்னொன்று வாங்க புஞ்சாக் ஆலாம் ஊரிலுள்ள பிராணிக் கடைக்குப் போனேன். அங்கே ஓர் ஒல்லியான மனிதர் நிலைகொள்ளாமல் கூண்டு கூண்டாகக் கையை நுழைத்து, உள்ளங்கையைத் தரைக்கம்பியில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். நான் ஒரு கம்பிக்கூண்டை எடுத்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இது வேணாம்க்கா, கால் புண்ணாயிடும். தரை சமமா இருக்கணும். ஜோடியா வளர்க்கணும். இப்பல்லாம் அப்படித்தான் லா."

ஆய்வுக்கூடத்தில் கினிப்பன்றிகளைப் பராமரித்தவராம்.

"முன்னாடி எப்படி வெச்சீங்கண்ணே?"

"கம்பி மேலதான், தனித்தனியா. ஓயாம கத்தும்."

"ஏன்னு பார்க்கலையா?"

"பசின்னு நெனச்சோம்க்கா. தீனி போட்டோம்."

அவர் உள்ளங்கையில் கட்டம் கட்டமாகக் கம்பித் தடம். அதைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். கூண்டுக்குள் ஒற்றையாக நின்று அது கத்தியது. கிண்ணத்தில் தீனி நிறைய இருந்தது.